உணவுக்குழற் சிரைப்புடைப்பும் அதன் சிகிச்சையில் நேரும் இடர்களும்

இரத்த வாந்தி என்னும் சொற் கேட்ட அளவில் உள்ளம் நடுங்காதார் இலர். ஈரல் இறுகிய நோயாளர் சிலர்க்கு இது முன்னறிகுறி யாதுமின்றி நேரும். இதனைத் தடுக்கும் எண்டாஸ்கோப்புச் சிகிச்சை உயிர்காப்பது என்பதில் ஐயமில்லை. எனினும் அச்சிகிச்சையே சிலகால் புண்ணும் குருதிப்பெருக்கும் தருவதுண்டு. வீடு திரும்பிய நோயாளியும் சுற்றத்தாரும் இதனை அறியாதிருத்தல் பேரிடர்க்கு ஏதுவாமாதலின், எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

குடலினின்றும் மண்ணீரலினின்றும் வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே ஈரலுட் புகும். ஈரல் தழும்பேறி இறுகின் அவ்வழி நெருக்குண்ணும். மதகு அடைபட்ட வெள்ளம் கிளைக்கால்களில் ஏறுதல் போல, இரத்தம் உணவுக்குழலின் அடியிலுள்ள மெல்லிய சிரைகளிற் பாய்ந்து அவற்றைப் பருக்கச் செய்யும். ஈரலின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு இயல்பில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவிற்கு மேற்படாது. 10 ஆயின் சிரை பருக்கக்கூடும். 12 ஆயின் வெடித்தலுங் கூடும். (மருத்துவர் வழங்கும் ‘வேரிசஸ்’ என்பதினும் ‘சிரைப்புடைப்பு’ என்பதே எமக்கு இனிதாய்த் தோன்றுகிறது.)

1939ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கிராபோர்ட், பிரெங்க்னர் என்னும் இருவர் வளையாத குழாய் வழியே ஊசியிட்டுச் சிரையைத் தூர்க்கும் முறையை வெளியிட்டனர். அவ்வூசி மருந்து சிரையோடு சூழ்ந்த தசையையும் புண்படுத்த வல்லது. ஆதலின் காய்ச்சல், நெஞ்சுவலி, ஆழ்ந்த புண் முதலியன தோன்றின. புண் ஆறுங்கால் தழும்பு சுருங்கி உணவுக்குழல் ஒடுங்குதலும், அரிதாகச் சுவர் துளைபட்டு மார்பறை சீழ்பிடித்தலும் உண்டாயின.

மூலநோய்க்கு இரப்பர் வளையம் இடும் முறையைத் தழுவி, அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஸ்டீக்மன் என்பார் 1980களில் அதனை உணவுக்குழற்குக் கொணர்ந்தார். முதலில் ஒருமுறைக்கு ஒரு வளையமே ஏற்றலாயிற்று. கருவியைப் பலகால் இறக்குதற்பொருட்டுத் தொண்டையில் வைத்த புறக்குழாயே சிலர்க்கு உணவுக்குழலைக் கிழித்தது. பல வளையங்களை ஒருங்கே ஏற்றும் கருவி வந்தபின் அத்தீங்கு பெரிதும் ஒழிந்தது.

ஆயினும் வளையத்தின் இயல்பிலேயே ஓர் இடர் உளது. சிரையை உறிஞ்சி இழுத்து வளையத்தாற் கட்டுங்கால், கட்டுண்ட பகுதி இரத்தமின்றி மடிந்து, சில நாட்களில் வளையத்தோடு உதிரும். உதிர்ந்த இடத்து மேலோட்டமான புண் எஞ்சும். ஈதொரு பிழையன்று, சிகிச்சை நிகழும் வழியே இது. புண் ஆறுமுன் சிரையின் வாய் திறப்பின், நலமுற்றார் என்று யாவரும் மகிழ்ந்திருந்த வேளையில் குருதி பெருகும். முதல் இரு வாரங்களே அஞ்சத்தக்கன. ஈரல் மிக நலிந்தார்க்கு அச்சம் பெரிது. விழுங்குகையில் ஓரிரு நாள் தோன்றும் வலி பொதுவாகத் தானே தணியும். தார்போலக் கருத்த மலம், இரத்த வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்றிராது, உடனே மருத்துவமனைக்கு ஏகல் வேண்டும்.

குருதி பெருகும்போதே சிகிச்சை செய்யுங்கால் அது மூச்சுக்குழலுட் புகுதலும் உண்டு. ஆதலின் அறிவு மயங்கியவர்க்கு முன்னரே மூச்சுக்குழாய் இடுவர். கிருமி தொற்றாமைப்பொருட்டு மருந்தும் ஊட்டுவர்.

புடைப்புகள் மறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வளையமிடுவர். மறைந்த பின்னும் ஈரலின் இறுக்கம் அப்படியே இருத்தலின் அவை மீண்டும் தோன்றலாம். அதனாலேயே புரோபிரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளும் எண்டாஸ்கோப்புச் சோதனையும் தொடர்கின்றன.