அம்மாவிடம் சொல்லிவிடுவேன்!

இரவு நிகழ்ச்சியில் ஒருமுறை நேயர்களிடம், "சின்ன வயதில் உங்களைத் தூங்கவிடாத பேய்ப்படம் எது?" என்று கேட்டேன். 'மை டியர் லிசா', '13ஆம் நம்பர் வீடு' என்று அழைப்புகள் வந்தபடி இருந்தன. கடைசியாக வந்த நேயர் கேள்வியை என்னிடமே திருப்பினார். யோசிக்காமல் சொன்னேன்: "தி லாஸ்ட் பாய்ஸ்."

1987இல் ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய ஹாலிவுட் படம் அது. பசார் மாலாமில் வாங்கிய விசிடியில் நானும் அண்ணனும் பார்த்தோம். எனக்கு அப்போது 12 வயது, அவருக்கு 17.

மணமுறிவுக்குப் பின் லூசி என்ற தாய், தன் இரு மகன்களோடு கலிபோர்னியாவின் கடலோர ஊரொன்றில் இருக்கும் தந்தை வீட்டுக்குக் குடிவருகிறார். படத்தில் ஊரின் பெயர் சாந்தா கார்லா. படம்பிடித்தது சாந்தா குரூஸில். 1907இல் தொடங்கிய அதன் கடலோரக் கேளிக்கைப் பூங்கா இன்றும் இயங்குகிறது.

மூத்தவன் மைக்கேல் ஒரு பெண்ணின் பின்னால் போய், மோட்டார்சைக்கிள் கும்பல் ஒன்றில் சேர்கிறான். தலைவன் டேவிட் ஒரு புட்டியை நீட்டுகிறான். மற்றவர்கள் உசுப்பேற்ற, ஒயின் என்று நினைத்து மைக்கேல் குடிக்கிறான். அது ரத்தம். அதன்பிறகு பகலெல்லாம் தூக்கம், வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி, அம்மாவிடம் எரிச்சல்.

ஓரிரவு தம்பி சாம், நிலைக்கண்ணாடியில் அண்ணனின் உருவம் பாதி மங்கித் தெரிவதைப் பார்க்கிறான். அண்ணன் ரத்தக்காட்டேரியாகிக் கொண்டிருக்கிறான்! அலறும் தம்பி அடுத்து விடும் மிரட்டல் என்ன தெரியுமா? அம்மாவுக்குத் தெரியட்டும், அப்போது இருக்கிறது உனக்கு! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சில மாதங்களில் எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றது. அண்ணனுக்கும் மோட்டார்சைக்கிள் நண்பர்கள் சேர்ந்தார்கள். நள்ளிரவு தாண்டியும் அம்மா ஹால் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். அண்ணன் எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்லப் பயந்து, தூங்குவதுபோல் படுத்திருப்பேன்.

படத்தில் காமிக்ஸ் கடைப் பையன்கள் இருவர், "உன் அண்ணனைக் கொன்றுவிடு" என்று சாமுக்கு யோசனை சொல்கிறார்கள். அவன் மறுக்கிறான். அண்ணனை மீட்கவே போராடுகிறான். இன்னொன்றையும் படம் சொல்கிறது: ரத்தக்காட்டேரியை நாமாக வீட்டுக்குள் அழைத்துவிட்டால், பூண்டும் புனித நீரும் அதனிடம் பலிக்காது. சிகையலங்காரமும் உடையும் பழசாகிவிட்ட இந்தப் படம் இன்னும் பழசாகாததற்கு, எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். பேயைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சமிருப்பது நம் வீடு.

ஒருநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் இரவில் வீட்டில் இருந்தார்.

அண்மையில் அவருடைய 14 வயது மகனோடு மூவரும் அதே படத்தைப் பார்த்தோம். கண்ணாடிக் காட்சியில் பையன் சோபாவில் புரண்டு சிரித்தான். "சித்தப்பா, இதற்கா பயந்தீர்கள்?" என்றான்.

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மகனிடம் மெதுவாகச் சொன்னார்: "உன் சித்தப்பாவும் ஒருமுறை பாட்டியிடம் சொல்லிவிட்டார்டா. நல்லவேளை."