சாப்பிடாத நாளின் ஊசி

சீனியோடு வாழ்தல் – 9

"சாப்பாடு இறங்கல, அதனால ஊசி போடல."

சீனி ஏறி நினைவு மங்கிய நிலையில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது, என்ன நடந்தது என்று வீட்டாரிடம் கேட்டால் இந்தப் பதில் அடிக்கடி வரும். சொல்பவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். கிளினிக்கில் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தவர்கள். "சாப்பிடாம ஊசி போட்டுடாதீங்க" என்று மிஸ்ஸி மாதாமாதம் சொல்லி அனுப்புகிறார். அது சரியான அறிவுரைதான். சென்ற வாரம் பார்த்தோமே, காலையில் இன்சுலினைப் போட்டுவிட்டு ரொட்டி கடிக்க நேரமில்லாமல் பிரட்டுக்கு ஓடி, மலையில் கூடையோடு சரிந்து விழுகிற அந்தத் தாழ்சீனி, அதைத் தடுக்கச் சொன்னது அது. காய்ச்சலும் வாந்தியுமாய்ப் படுத்துக் கிடக்கும் நாளுக்கு அது பொருந்தாது. அந்த நாளுக்கான மறுபாதி அறிவுரையை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் இந்தத் தொடரைத் தொடங்கியதற்கு அந்த மறுபாதியும் ஒரு காரணம்.

நோய் வந்தால் உடம்பு சும்மா இருக்காது. கிருமியோடு போராட, கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற சுரப்புகளைக் கூட்டும். அவை ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சீனியை இரத்தத்தில் கொட்டச் செய்யும். அதனால் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காதவருக்கும் சீனி 300, 400 என்று ஏறும். சாப்பாடு மட்டுமே சீனியை ஏற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை இது நம்ப முடியாததாகத்தான் தோன்றும். இன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் அதே நாளில், நாம் அதை அடியோடு நிறுத்திவிடுகிறோம்.

இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரில் வழியத் தொடங்கும். போகும்போது தண்ணீரையும் உப்பையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும். இன்னொரு பக்கம், இன்சுலின் இல்லாததால் சீனியை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கப் பார்க்கிறது. ஈர விறகை அடுப்பில் திணித்தால் லயக் காம்பரா முழுவதும் புகை சூழ்கிற மாதிரி, அந்த எரிதலில் கீட்டோன் என்ற அமிலம் மண்டுகிறது. இரத்தம் புளிக்கிறது. மருத்துவர்கள் இதைக் கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் அந்த அமிலத்தால் வருபவை. வாந்தி எடுத்ததால் ஊசியை நிறுத்துகிறோம், ஊசியை நிறுத்தியதால் வாந்தி கூடுகிறது. ஒரே இரவில் இந்தச் சுழல் ஆளை வாட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

அமிலம் ஏறிய உடம்பு அதை மூச்சு வழியே வெளியேற்றப் பார்க்கும். ஆழமாக, நீளமாக, இடைவிடாமல் இழுக்கும் மூச்சு. ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1874-ஆம் ஆண்டு இந்த மூச்சை விவரித்து எழுதினார். காற்றுப் பாதையில் எந்த அடைப்பும் இல்லை, காற்று தாராளமாக உள்ளே போகிறது, ஆனாலும் நோயாளி காற்றுக்குப் பசித்தவர் போல இழுக்கிறார் என்பதே அவர் கண்டது. மலைநாட்டுக்காரர்களுக்கு அவர் கண்ட அந்த வேறுபாடு மிக முக்கியம். குளிரும் அடுப்புப் புகையும் உள்ள லயங்களில் மூச்சு இழுத்தாலே 'வீசிங்' என்று முடிவு கட்டிவிடுவோம். வீசிங்கில் நெஞ்சு விசிலடிக்கும், மூச்சு வெளியே வரத் திணறும். இந்த மூச்சில் விசில் கிடையாது. வாயில் அழுகிய பழத்தின் வாடை, அல்லது நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் வாடை வரலாம். எல்லாருடைய மூக்கும் அதைப் பிடிப்பதில்லை. ஆகவே வாடை இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

தவறாகப் படிக்கப்படுவது மூச்சு மட்டுமல்ல. வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் 'கேஸ்ட்ரிக்' என்று ஒரு குளிசை. தள்ளாடி, நாக்குழறி வருபவரைத் தண்ணி போட்டிருக்கிறார் என்று படுக்க வைத்துவிடுவது. இது என்னை மிகவும் உறுத்துகிறது. சம்பள நாளன்று குடித்துவிட்டுக் கிடப்பவரும் சீனி ஏறிக் கிடப்பவரும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பார்கள். சீனி வருத்தம் உள்ளவர் என்று தெரிந்தால், குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் பார்த்த பிறகே போர்த்தி விட வேண்டும்.

பிள்ளைகளின் கதை வேறு. அவர்களில் பலருக்குச் சீனி இருப்பதே இந்த ஆபத்து வந்த பிறகுதான் வீட்டில் தெரியவரும். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்ட பிள்ளை மறுபடி நனைக்கிறது. குளிரான ஊர், அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். தண்ணீர்ப் போத்தலை விடாமல் குடிக்கிறது, சட்டை தொளதொளக்கிறது, பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிறது. பிள்ளைக் காம்பராவில் பார்ப்பவர்களும் முதலாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களும் இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கப் பழகினால், அந்தப் பிள்ளை வாந்தியும் மூச்சுமாய் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். சந்தேகம் வந்த அன்றைக்கே போக வேண்டும். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

இன்சுலின் கிடைப்பதற்கு முன் இப்படி வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. 1922 ஜனவரியில் டொரன்டோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். 11-ஆம் திகதி போட்ட முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. சுத்திகரித்த மருந்தை 23-ஆம் திகதி போட்டபோது சீனி இறங்கியது, சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. நூறு ஆண்டு கடந்துவிட்டது. இன்று இதே நோயில் ஒரு பிள்ளை இறந்தால், பெரும்பாலும் காரணம் மருந்து இல்லாததல்ல, பிந்தி வந்ததுதான்.

வயதானவர்களிடம் வருவது இன்னொரு வடிவம். இது மெதுவாக, நாட்கணக்கில் வரும். அவர்கள் உடம்பில் கொஞ்சம் இன்சுலின் மிஞ்சியிருப்பதால் கீட்டோன் அதிகம் சேராது. மூச்சும் வாந்தியும் எச்சரிக்கை தராது. சீனி மட்டும் 600-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். ஓய்வு பெற்ற பாட்டி ஒருத்தி பகலெல்லாம் லயத்தில் தனியாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகனும் மருமகளும் விடிய மலைக்குப் போனால் கொழுந்து நிறுத்து முடிந்துதான் திரும்புவார்கள். வயதாகத் தாகம் மரத்துப்போகும். கேட்காததால் யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் பாட்டி பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறாள், நாலாம் நாள் எழுப்பினால் கண் திறப்பதில்லை. வயசாயிட்டது என்கிறார்கள், பாரிசவாதம் என்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாட்களில் சீனியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். இந்த வடிவத்தில் உயிரிழப்பு கீட்டோன் வடிவத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

இலங்கையில் இது இனி அரிதான கதை அல்ல. 2005-06-இல் நடந்த ஆய்வு வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்றது. 2018-19-இல் நடந்த ஆய்வு 23 வீதம் என்று சொன்னது. மலையில் உழைக்கிற உடம்புக்கு இது வராது என்ற நம்பிக்கை கோதுமை மா ரொட்டியும் சீனி கூடிய பிளேன்டீயும் அன்றாடமான நாளோடு போய்விட்டது.

எது இதைத் தூண்டுகிறது? ஊசியை நிறுத்துவது ஒன்று. தொற்று இன்னொன்று: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, எலிக்காய்ச்சல், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சீழ் வைத்த கால். வீசிங்குக்குக் கொடுக்கும் ஸ்டிரொயிட் குளிசையும் சீனியை வேகமாக ஏற்றும். அதை எழுதும் டொக்டரிடம் சீனி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கு வலியே இல்லாத மாரடைப்பும் இப்படி வெளிப்படுவதுண்டு.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. காய்ச்சலோ வாந்தியோ வந்த நாளில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சீனி பார்க்க வேண்டும். லயத்தில் ஒரு மெஷின் இருந்தால் போதும். மெஷின் ஒருவருடையதாக இருக்கலாம், ஆனால் விரல் குத்தும் ஊசியையும் அதைப் பொருத்தும் பேனாவையும் ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, மெஷினையும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். எண்ணுக்குப் பதிலாக 'எச்', 'ஐ' என்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தால் மெஷின் பழுது என்று தூக்கி வைக்காதீர்கள். அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறிவிட்டது, பெரும்பாலான மெஷின்களில் 600-க்கு மேல், என்று அது சொல்கிறது. உடனே புறப்பட வேண்டும்.

சிறுவயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவர்கள் ஊசியை எக்காரணம் கொண்டும் முழுதாக நிறுத்தக் கூடாது. நம் கிளினிக்குகளில் பலருக்குக் காலை, மாலை என்று இரண்டு வேளை கலப்பு இன்சுலின் தருகிறார்கள். அவர்கள் சாப்பிட முடியாத நாளில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். குளிசைக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒரு விதி உண்டு. வாந்தி, பேதியால் உடம்பு வற்றும்போது மெட்ஃபோர்மினையும், எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் வகைக் குளிசைகளையும் நிறுத்தி வைக்க வேண்டும். இந்த இரண்டாவது வகையில் இருப்பவர்களுக்குச் சீனி 200-க்குக் கீழே நிற்கும்போதே இரத்தம் புளித்துவிடலாம். மெஷின் நல்ல எண் காட்டும், ஆள் மூச்சிழுப்பார். அப்போது ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். சீனி போடாத பிளேன்டீ, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், எதுவும் சரி. களைப்பாக இருக்கிறாரே என்று குளுக்கோஸ் கரைத்தும் சோடா உடைத்தும் கொடுக்கிறோம். சீனி ஏறியிருப்பது தெரிந்த பிறகு அது எரிகிற தீயில் எண்ணெய். மெஷினே இல்லை, ஏறியதா இறங்கியதா தெரியவில்லை, ஆனால் விழித்திருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் மட்டும் ஒருமுறை சீனித் தண்ணீர் கொடுக்கலாம். தாழ்சீனி வேகமாக ஆபத்தாகும், உயர்சீனிக்கு அந்த ஒரு கோப்பை பெரிய வித்தியாசம் செய்யாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கவில்லை, இரண்டு முறை பார்த்தும் 300-க்கு மேல், அந்த மூச்சு, தூக்கக் கலக்கம்: இவற்றில் ஒன்று போதும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. பிள்ளையோ கர்ப்பிணியோ என்றால் இவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி? நம் மடுல்கெல்ல நக்கிள்ஸ் மலைச் சரிவில் இருக்கிறது. கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில என்று வளைந்து ஏறும் பாதை. மேற்பிரிவு லயங்களிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கவே நேரம் பிடிக்கும். 1990-ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை பிறகு நாடு முழுவதும் விரிந்தது. அதற்குள் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் ஆள் அனுப்புங்கள். ஓட்டோவோ லொறியோ கையில் இருந்தால் அதிலேயே இறங்குங்கள். ஆனால் கண்டிக்குப் போனால்தான் சரிவரும் என்று பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கீட்டோன் நிலையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு லீற்றர் வரை நீர் இழந்திருப்பார். முதல் சிகிச்சை சேலைன். பெரியவர்களுக்கு முதல் மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றர். அதற்கு நிபுணரோ பெரிய இயந்திரமோ தேவையில்லை. மடுல்கெல்லயில் சேலைனை ஏற்றிக்கொண்டே தெல்தெனியவுக்கோ கண்டிக்கோ போகலாம். வற்றிய உடம்போடு வளைவுகளில் போகும் ஒரு மணி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

இன்சுலினை அங்கே மணிக்கு மணி அளந்து, கிலோவுக்கு 0.1 யூனிட் என்ற கணக்கில், மெதுவாக ஏற்றுவார்கள். அதற்கு முன் பொட்டாசியம் பார்ப்பார்கள். இன்சுலின் சீனியோடு பொட்டாசியத்தையும் செல்களுக்குள் தள்ளும். ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். இப்படி விழுந்தவருக்கு வீட்டிலேயே இரட்டிப்பு ஊசி போட்டுச் சரிசெய்யப் பார்ப்பது அதனால்தான் ஆபத்து. பிள்ளைகளுக்குச் சேலைனைக்கூட நிதானமாகத்தான் ஏற்றுவார்கள், மூளை வீங்கிவிடக் கூடாதென்று. "இவ்வளவு மெதுவா செய்யிறாங்களே" என்று வாட்டில் சண்டை பிடிக்க வேண்டாம்.

மருந்தே கிடைக்காத காலமும் நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. பெற்றோலுக்கு வரிசைகள் நீண்டன. மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும், பாதை அடைபடும். ஒரு குப்பி இன்சுலின் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பிரித்த குப்பியை வெயிலும் அடுப்புச் சூடும் படாத மூலையில் ஒரு மாதம் வரை வைக்கலாம்; மலைக் குளிர் இதிலாவது நமக்கு உதவுகிறது. பிரிக்காத குப்பிக்கு டிஸ்பென்சரியிலோ கடையிலோ குளிர்சாதனப் பெட்டியில் இடம் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும் என்பது தெரியும். அந்தப் பேரைக் கொடுத்துப் போகிற நாளில், வரிசையில் நின்று மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாள்ல, காலையில எத்தன யூனிட், மாலையில எத்தன யூனிட் போடணும்?" பதிலை உங்கள் கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில், வீட்டில் எல்லாரும் வாசிக்கக்கூடிய தமிழில், எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால் கூடப் போகிற மகளோ மகனோ அங்கேயே கேட்டு எழுதட்டும். அதன் கீழே 1990 என்றும், அவசரத்துக்கு ஓட்டோ எடுக்கக்கூடிய இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களையும் எழுதி வையுங்கள்.

(தொடரும்)

அடுத்த இதழில்: அட்டைக் கடியும் ஆறாத காலும்