ஷட்ஜத்தைத் தொடாத இரண்டு கைகள்

பூலாம்பாடியில் சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரம் வாசித்தால், பக்கத்தில் ஒத்தோ சுருதிப்பெட்டியோ விடாமல் ஷட்ஜம் பிடிக்கும். ஆதாரம் போனால் ராகமே போயிற்று. ஜாஸ் குழுவில் சாக்ஸபோனுக்குப் பக்கம் வாசிக்கும் பியானோக்காரர் நேர் எதிர். இரு கைகளாலும் நாலைந்து சுரங்களை ஒருசேர அழுத்துவார்; ‘கார்டு’ எனும் அந்தக் கொத்தின் ஷட்ஜத்தைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்.

சி செவன்த் கார்டில் சி-தான் ஷட்ஜம். இடக்கையில் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும். வலக்கையில் சதுச்ருதி ரிஷபம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம். மத்யமம் ஒன்று சேர்ந்தால் ஹரிகாம்போஜி! ஷட்ஜம் மட்டும் பேஸ் வாசிப்பவரிடம் இருக்கிறது.

இது வெறும் பங்கீடு அல்ல, காதின் கட்டாயமும்கூட. நடு ஸ்தாயியில் ஷட்ஜம் 262 ஹெர்ட்ஸ், காந்தாரம் 330. இரண்டும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். இரண்டு ஸ்தாயி கீழே அதே ஜோடி 65, 82. உட்காதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் அதிரவைக்கும். விநாடிக்குப் பதினேழு முறை மோதி உறுமும். இந்த மோதலைத்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். அதனால் கீழே ஒற்றைச் சுரம், நெருக்கமெல்லாம் மேலே.

உண்மையான வேடிக்கை இனிமேல்தான். பியானோக்காரர் விரலை அசைக்கவில்லை. பேஸ் மட்டும் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்குத் தாவுகிறது. அந்தக் கணமே காந்தாரம் நிஷாதமாகிறது, நிஷாதம் காந்தாரமாகிறது. இரண்டுக்கும் நடுவே ஸ்தாயியில் சரிபாதி, ஆறு அரைச்சுரம் என்பதால் வரும் மாயம். வலக்கையின் சாதுவான மூன்று சுரங்களோ சுத்த தைவதம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரமாகிவிடும். நம்மவர் ஆலாபனை நடுவில் யோசித்துச் செய்யும் கிரகபேதத்தை இங்கே பக்கத்து ஆள் செய்துவிடுகிறார்! இரண்டு காந்தாரமும் சேர்ந்து ஒலிப்பது கர்நாடகக் காதுக்கு அபசாரம்தான். ஜாஸில் அந்தக் காரத்துக்குத்தான் கிராக்கி.

மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் பியானோக்காரர் பில் எவன்ஸ் வேறு அடுக்கு வைத்தார்: ச–ம இடைவெளியாக மூன்று, உச்சியில் ஒரு ச–அந்தர காந்தாரம். ஐந்து சுரமும் அப்படியே ஒரு முழுச்சுரம் இறங்கும். பேஸ் கேள்விபோல் ஒரு வரி வாசிக்க, அதற்கு இதுவே பதில்.

பேஸ் இல்லாமல் தனியே வாசிக்க நேர்ந்தால் ஷட்ஜத்தை விட்டுவிடும் இந்தச் சலுகை கிடையாது. இடக்கை கீழே போய் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு மேலே ஓடிவர வேண்டும்.