'போதும்' என்பதை எடிட்டருக்கு எப்படிச் சொல்வது?

ஈமாக்ஸ் எடிட்டரில் 'ஆட்டோ இன்சர்ட்' என்ற வசதியை இயக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒரு லிஸ்ப் கோப்பைத் திறந்தால், அதன் தலைப்பகுதியை அது நிரப்பித் தரும். கோப்பின் பெயர், ஆண்டு, எழுதியவர் பெயர், உரிமக் குறிப்பு எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். நடுவில் ஓர் இடத்தில் நின்று, குறிச்சொல் என்ன என்று கேட்கும். சிக்கல் அங்கேதான்.

குறிச்சொல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. காலண்டர், மெயில், கேம்ஸ் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்று ஈமாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 'ஃபைண்டர்' என்ற கருவி அந்தச் சொற்களை வைத்துத்தான் நிரல்களை இனம் பிரித்துக் காட்டுகிறது. அதனால் பட்டியலில் இல்லாத சொல்லைக் கொடுத்தால் ஏற்காது. 'கால்' வரை அடித்து டேப் விசையைத் தட்டினால் 'காலண்டர்' என்று முடித்துக் கொடுக்கும். என்டர் தட்டினால் அந்தச் சொல்லும், ஒரு காற்புள்ளியும், ஓர் இடைவெளியும் கோப்பில் விழும். உடனே அதே கேள்வி மறுபடி வரும்.

எப்போது நிற்கும்? எதுவும் அடிக்காமல் என்டர் தட்டினால் நிற்கும். பந்தியில் இலையை மூடுவது போல, காலிப் பதில்தான் 'போதும்' என்பதற்கு அடையாளம். கடைசியில் மிஞ்சிய காற்புள்ளியையும் இடைவெளியையும் அழிக்க, தலைப்பகுதிக்கான டெம்ப்ளேட்டில் '& -2' என்று ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. முன்னால் ஏதாவது எழுதப்பட்டிருந்தால் மட்டும் இரண்டு எழுத்து பின்னால் போய் அழி என்று அதற்குப் பொருள். டெம்ப்ளேட்டை எழுதியவரின் கவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பின்னாளில் 'ஐவி' போன்ற துணைநிரல்கள் வந்தன. அவை பட்டியலைத் திரையில் விரித்து, முதல் சொல்லை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும். பெரும்பாலான வேலைகளுக்கு இது வசதிதான். இங்கே மட்டும் எல்லாம் தலைகீழாகிறது. காலியாக என்டர் தட்டினால், 'போதும்' என்று பொருளாவதில்லை. பட்டியலின் முதல் சொல்லான 'அப்ரெவ்' கோப்பில் விழுகிறது. திரும்பவும் கேள்வி, திரும்பவும் 'அப்ரெவ்'. இரண்டு நிரல்களும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. ஒரே விசைக்கு இரண்டும் வெவ்வேறு பொருள் கொள்வதுதான் கோளாறு.

காலிப் பதிலை நம்பி இருக்கும் அந்தச் சுழற்சியை எடுத்துவிடுவதே சரியான திருத்தம். ஈமாக்ஸிலேயே 'கம்ப்ளீட்டிங் ரீட் மல்டிபிள்' என்ற செயற்கூறு இருக்கிறது. அது ஒரே முறை கேட்கும். காற்புள்ளி இட்டு எத்தனை சொல் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் டேப் உதவும். கடைசியில் ஒரு பட்டியலாகத் திருப்பித் தரும். அந்தச் சொற்களைக் காற்புள்ளியால் கோத்துவிட்டால், மிஞ்சியதை அழிக்கும் வேலையே இல்லை. டெம்ப்ளேட் என்பதும் லிஸ்ப் பட்டியல்தான் என்பதால், இந்த மாற்றத்தை உங்கள் அமைப்புக் கோப்பிலேயே செய்துகொள்ளலாம்.

அதற்கு நேரமில்லை என்றால், ஐவி பயன்படுத்துகிறவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். காலிப் பதில் காலியாகவே போய்ச் சேரும், கேள்வியும் நின்றுவிடும்.