சுளுக்கு என்று நீவி விடுமுன்...



போன மாதம் சேரன்மகாதேவி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு அக்கா ஏழு வயசுப் பையனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துல விழுந்துட்டான் மேடம். சுளுக்குதான், ரெண்டு நாளா எண்ணெய் போட்டு நீவுதோம்" என்றார். தொட்டால் உடம்பு கொதிக்கிறது. முழங்காலுக்குக் கீழே விரல் வைத்ததும் பையன் அலறிவிட்டான். அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எலும்புக்குள் சீழ் என்றார்கள்.

எலும்புக்குள்ளே எப்படிச் சீழ் பிடிக்கும் என்று கேட்பீர்கள். எலும்பு காய்ந்த விறகு இல்லை, அதற்குள்ளும் ரத்தம் ஓடுகிறது. சிரங்கு, கொப்புளம், முள் குத்திய புண் வழியாக ஸ்டெபைலோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலக்கும். குழந்தைகளின் எலும்பு வளரும் முனைகளில் ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் அங்கே தங்கிவிடும். முழங்காலைச் சுற்றித்தான் அதிகம். சில பிள்ளைகளுக்கு வெளியே புண்ணே இருக்காது.

வெறும் சுளுக்குக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சலோடு நொண்டினாலோ, காலை ஊன்ற மறுத்தாலோ, எலும்பு மேல் ஒரே இடத்தில் தொடவிடாமல் அழுதாலோ நீவவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரலாம். ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும், துணி மாற்றும்போது வீறிடும். நம்ம ஊரில் உடனே 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டுவோம். தயவுசெய்து செய்யாதீங்க. சீழ் இடுப்பு மூட்டுக்குள் இறங்கியிருந்தால் ஒரு நாள் தாமதம்கூட மூட்டைக் கெடுத்துவிடும்.

முதல் பத்து நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நல்லாத்தான இருக்கு"ன்னு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.

முதலில் சில நாள் ரத்தக்குழாய் வழியாக ஊசி மருந்து, பிறகு மாத்திரை. பெரும்பாலும் மொத்தம் 3 முதல் 6 வாரம். சீழ் கட்டியிருந்தால் ஆபரேஷன் செய்து வெளியேற்றுவார்கள். வலி போச்சுன்னு பாதியில் நிறுத்தினால் எலும்புத் துண்டு செத்து, வருஷக்கணக்கில் சீழ் வடியும். கால் வளர்ச்சியும் குறையலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் கூட இருப்பவருக்குச் சாப்பாடு, பஸ், போன பீடிக் கூலி? அன்று அந்தக் குழு டப்பாவிலிருந்த சேமிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்தது. தீர்மானம் அடுத்த வாரம்தான் எழுதினார்கள். கணக்குப்படி தப்புதான், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பையன் இப்போது நடக்கிறான். மாத்திரை இன்னும் 11 நாள் பாக்கி, அம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.