சங்கா, கல்லா, பிளாஸ்டிக்கா?

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி சிறு பொட்டலம் ஒன்றுடன் எங்கள் இயற்பியல் ஆய்வகத்திற்கு வந்தாள். உள்ளே நீள்வட்டமான ஒரு வில்லை. பழுப்புப் பின்னணியில் வெண்ணிறப் பெண் முகம் புடைத்து நின்றது. கப்பலில் பணியாற்றிய அவளுடைய தாத்தா இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் வாங்கிவந்த புரூச் அது. பசை விட்டுப்போய் வில்லை சட்டத்திலிருந்து கழன்றிருந்தது. “பிளாஸ்டிக்தான், சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்” என்றாராம் ஒருவர். “ஒரு துளி அமிலம் விடு” என்றாராம் இன்னொருவர். நல்லவேளை, இரண்டையும் செய்யாமல் எடுத்து வந்தாள்.

இத்தகைய புடைப்புச் சிற்ப அணிக்குக் கேமியோ என்று பெயர். இதன் இரகசியம் அடுக்குகளில் இருக்கிறது. வெள்ளையும் பழுப்பும் அடுத்தடுத்துப் படிந்த ஒரு பொருளை எடுத்து, உருவம் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளையை விட்டுவிட்டு மற்ற இடங்களில் செதுக்கி எடுத்துவிட்டால், அடியிலுள்ள நிறம் பின்னணியாகிவிடும். வண்ணம் பூசவே வேண்டாம்! பண்டைய ரோமானியர் இதற்கு அகேட் வகைக் கற்களைப் பயன்படுத்தினர். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ‘ஜெம்மா அகஸ்டியா’ என்னும் கேமியோ இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. அது ஏறத்தாழ 23 செ.மீ. அகலமுள்ளது. நேப்பிள்ஸை அடுத்த டோரே டெல் கிரேகோ என்னும் ஊர் சங்குக் கேமியோவுக்குப் பெயர்பெற்றது. சில பெருஞ்சங்குகளின் ஓட்டிலும் வெள்ளை ஓர் அடுக்கு, பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு மற்றோர் அடுக்கு எனக் காணப்படும். கண்ணாடி, பிளாஸ்டிக் கேமியோக்களும் உண்டு. கண்ணாடி என்றதும் மட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள புகழ்பெற்ற போர்ட்லண்ட் ஜாடி கண்ணாடிக் கேமியோதான்.

சரி, நம் வில்லை எது? முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். சில்லென்றது. அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஒரே வெப்பநிலையில்தானே இருக்கின்றன, பின் ஏன் சில பொருள்கள் மட்டும் குளிர்கின்றன? சங்கும் கல்லும் கண்ணாடியும் கன்னத்தின் வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுகின்றன. பிளாஸ்டிக்கின் கடத்துதிறன் கண்ணாடியினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பிளாஸ்டிக் என்ற ஐயம் பெரும்பாலும் நீங்கிற்று.

ஆனால் கன்னத்தை மட்டும் நம்பி முடிவு கூறலாமா? ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைத்தோம். காற்றில் வில்லையின் எடை 2.10 கிராம். மெல்லிய நூலில் கட்டி, ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் நீக்கி, நீரில் மூழ்கவைத்து நிறுத்தபோது 1.35 கிராம். எடையிழப்பு 0.75 கிராம். எனவே ஒப்படர்த்தி 2.10 ÷ 0.75 = 2.8. பிளாஸ்டிக் என்றால் 1.0 முதல் 1.4 வரைதான் வந்திருக்கும். அகேட்டுக்கு 2.6, சாதாரணக் கண்ணாடிக்கு 2.5. சங்கு, கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட்டால் ஆனது. அதற்கு 2.8 பொருந்துகிறது. உலோகச் சட்டத்தோடு சேர்த்து நிறுத்தால் இந்தக் கணக்கு பயன்படாது. பசை விட்டுப்போனது நமக்கு நல்லதாயிற்று!

இவ்வளவு சிறிய வில்லையில் 0.05 கிராம் பிழைகூட விடையைப் புரட்டிவிடும். அதனால் மூன்று முறை நிறுத்தோம். அதோடு நிற்காமல் வில்லையை விளக்கின்முன் பிடித்துப் பின்புறமிருந்து நோக்கினோம். ஒளி ஊடுருவி, முகம் நிழலாகத் தெரிந்தது. பின்புறம் தட்டையாக இல்லை, மெல்லக் குழிந்திருந்தது. சங்கின் வளைவு அப்படியே தங்கியிருக்கிறது! கைலென்சில் கூந்தல் இழைகளின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன, உளியின் நுண்ணிய கீறல்களும் தென்பட்டன. அச்சில் வார்த்ததாயிருந்தால் ஓரங்கள் மழுங்கியிருக்கும். கண்ணாடியில் சில வேளைகளில் உள்ளே குமிழிகளையும் காணலாம்.

அகேட்டா கண்ணாடியா என்ற குழப்பம் வந்தால் இரண்டு போலராய்டுத் தகடுகள் போதும். அவற்றைக் குறுக்காக வைத்தால் இருண்டுவிடும். இடையே, ஒளி புகும் அளவு மெல்லிய அகேட்டை வைத்துச் சுழற்றினால் அது ஒளிர்ந்தே இருக்கும், ஏனெனில் அதனுள் எண்ணற்ற நுண்படிகங்கள் பல திசைகளில் அமைந்துள்ளன. கண்ணாடிக்குப் படிக அமைப்பு இல்லை. ஆகவே அது பெரும்பாலும் இருட்டாகவே தெரியும்.

ஊசிக்கும் அமிலத்திற்கும் வருவோம். அமிலம் விட்டிருந்தால் சங்குதான் என்று உறுதியாகியிருக்கும். ஆனால் நுரைத்துக் கரைந்துபோன மூக்கை யார் ஒட்டவைப்பது? செல்லுலாய்டு வில்லையில் சூடான ஊசியை வைத்தால் தீப்பற்றவும் கூடும்.

மாணவி மகிழ்ச்சியோடு, “ஐயா, இதை மோதிரத்தில் பதித்துக்கொள்ளட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். தெருப் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. மோஸ் அளவுகோலில் அவற்றின் கடினத்தன்மை 7, சங்குக்கோ ஏறத்தாழ 3.5 முதல் 4 வரைதான். எங்கும் உராயும் விரலில் அந்த முகம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மோதிரத்திற்கு ஏற்றது அகேட். பழைய சட்டத்திலேயே ஒட்டி, வாசனைத் திரவியமும் எலுமிச்சைச் சாறும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.