தலைக்காயத்துக்குப் பின் மூளையைக் கண்காணித்தல்

இரண்டாம் காயம்

தலையில் பலத்த அடிபட்டவரின் மூளை இரு கட்டங்களாகச் சேதமடைகிறது. மோதிய நொடியில் திசு சிதைவது முதற்காயம். அடுத்து வரும் மணிகளிலும் நாட்களிலும் இரத்தக்கசிவு, வீக்கம், ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றால் நேர்வது இரண்டாம் காயம். முதலாவதை எந்தச் சிகிச்சையாலும் மாற்ற இயலாது. இரண்டாவதைத் தடுக்கவோ குறைக்கவோ இயலும் என்பதற்காகவே கண்காணிப்பு நடைபெறுகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காத எலும்புப் பெட்டி ஆதலால், உள்ளே இரத்தம் தேங்கினாலோ மூளை வீங்கினாலோ அழுத்தம் ஏறி, மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமே தடைப்படுகிறது.

டார்ச் விளக்கும் 15 மதிப்பெண்ணும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் இருவரும் 1974இல் வெளியிட்ட அளவுகோலே நினைவுநிலையை அளக்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தது 3. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுங்காயம். பெயர் சொல்லி அழைத்ததும் கண் திறந்தவர், அரை மணி கழித்து விரல் நகத்தை அழுத்தினால்தான் திறக்கிறார் என்றால், குறைந்தது ஒரே மதிப்பெண்தான். ஆனால் உள்ளே ஏதோ நிகழ்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயமாகலாம். ஒருமுறை எடுத்த எண்ணைவிட, அது இறங்குகிறதா என்பதே முக்கியம் என்பதால், இரவெல்லாம் நோயாளியை எழுப்பிப் பார்க்கும் செவிலியரின் வேலை எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. டார்ச் ஒளி பட்டும் ஒரு கண்ணின் பாப்பா சுருங்காமல் விரிந்தே நின்றால், வீங்கிய மூளை கண் நரம்பொன்றை நெருக்குகிறது என்று ஐயுற்று, உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

உள்ளழுத்தத்தை அளத்தல்

மயக்க மருந்தும் வென்டிலேட்டரும் கொடுக்கப்பட்டவரிடம் பேச்சைச் சோதிக்க இயலாது. ஆகவே மண்டையோட்டில் சிறு துளையிட்டு, உணர்கருவி பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கின்றனர். அது 22 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் சிகிச்சை தேவை என்பது 2016இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வில், கருவிவழிச் சிகிச்சை பெற்றோர்க்கும், ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் கொண்டு சிகிச்சை பெற்றோர்க்கும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. இரு தரப்பினரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெருக்கமாகக் கவனிக்கப்பட்டவர்களே.

வீடு திரும்பிய பின்

லேசான காயம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை உறவினர் கவனிக்க வேண்டும். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரே சில மணி நேரத்தில் நினைவிழக்கக்கூடும். தலைவலி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மது அருந்தியவர் அடிபட்டுக் கிடக்கையில் ‘போதையில் தூங்குகிறார்’ என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தானது. முதியோருக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்போருக்கும் கசிவு மிக மெதுவாகச் சேர்ந்து, அடிபட்டதே மறந்துபோன சில வாரங்களுக்குப் பின் நடைத் தடுமாற்றமாகவோ மறதியாகவோ வெளிப்படுவதும் உண்டு.